சங்கீதம் அல்ல என்று ஒரு தீர்ப்பு

1

என் பெண் நித்யா பாடும்போது என் கையிலிருந்து ஏதாவது விழுகிறது. இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். போன சனிக்கிழமை சமையலறை மேஜை முன்னால் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்து ஓர் ஆங்கிலப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். சட்டென்று பாட்டை நிறுத்தினாள்.

"அம்மா, நான் அந்த லைனுக்கு வரும்போது மட்டும் ஏன் மூடியைக் கீழ போடறே?"

"கை வழுக்கித்து" என்றேன்.

"எப்பவும் அதே இடத்துலயா வழுக்கும்?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குச் சொல்ல வேண்டுமானால் மயிலாப்பூரில் தொடங்க வேண்டும். அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நித்யா கல்லூரியில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டுவிட்டாள். பாடப் போகிறாளாம். மேடையில்கூட இல்லை, தெருவில். லண்டனின் நடுவில் பழைய காய்கறிச் சந்தை ஒன்று இருந்தது. சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டு, அந்தக் கட்டடத்தை இப்போது கடைகளாக்கியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று முற்றத்தில் பாடுகிறவர்களையும் வித்தை காட்டுகிறவர்களையும் அனுமதிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பாடிவிட முடியாது. சந்தை அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் பாடிக் காட்டி, அவர்கள் சரி என்றால்தான் இடமும் நேரமும் கிடைக்கும்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு டெஸ்ட். அப்பா என்மேல கோவம் எடுத்துண்டிருக்கார். நீயாவது ஏதாவது சொல்லு" என்றாள் நித்யா.

அவள் தமிழில் எல்லாவற்றையும் இங்கிலீஷ் மாதிரி எடுத்துக்கொள்வாள், குளியலைக்கூட. நான் திருத்துவதை விட்டு வெகு காலமாகிறது.

"நன்னாப் பாடு" என்றேன். அதற்கு மேல் எதையாவது சொன்னால் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏனென்றால் அந்த வரியில் குரல் மேலே ஏறும்போது, மத்யம ஸ்வரத்தில் அவள் ஒரு நூல் கீழே நின்றுவிடுகிறாள். பெரிய தப்பு இல்லை. நூறு பேரில் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. அந்த ஒரு நூலை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும்.

2

இந்த நாட்டில் தெருவில் வாசிப்பவர்களுக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. போன நூற்றாண்டில் தெருவுக்குத் தெரு கைப்பிடியைச் சுற்றிப் பெட்டி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எழுத்தாளர்களும் கணக்கு மேதைகளும் சேர்ந்து ஒப்பாரி வைத்ததில் பிறந்த சட்டம் அது. வீட்டுக்காரர் வெளியே வந்து, உள்ளே நோயாளி இருக்கிறார் என்றோ வேலை கெடுகிறது என்றோ சொன்னால், வாசிப்பவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகர வேண்டும். அதுவரை வாசிக்கலாம்.

வெள்ளைக்காரன் காலத்துச் சென்னையில் அப்படி இல்லை. ஆண்டவர்கள் இதே ஆட்கள்தான், ஆனால் அங்கே வாயைத் திறப்பதற்கு முன்பே போலீஸ் அனுமதி வேண்டும். எந்தத் தெரு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன வாத்தியம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். லண்டன் சட்டம் வீட்டுக்காரர்களின் காதைக் காப்பாற்றப் போட்டது. சென்னைக்காரர்களின் காதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தெருவில் கூட்டம் சேரக்கூடாது என்பதுதான் அங்கே கவலை.

என் அப்பாவுக்கு இந்தச் சட்டம் தெரியாது என்று சொல்ல முடியாது. அது தமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாட வீதியில் இருந்த பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாமா சார் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. மார்கழி பிறந்துவிட்டால் சார் போய் பாகவதர் வந்துவிடுவார். விடியற்காலை குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சின்னத் தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் வக்கீல்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், பென்ஷன்காரர்கள். அப்பா முதலடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கோயிலைச் சுற்றிவிட்டு வருவதற்குள் வாசலில் எல்லாம் கோலம் போட்டு முடித்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன் அப்பா ஒரு வித்வானிடம் கொஞ்ச நாள் பாட்டுச் சொல்லிக்கொண்டார். அந்த வித்வான் நல்ல மனிதர். "சாமா, உனக்குக் கணக்கு ரொம்ப நன்னா வரும்" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினாராம். அப்பா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்போது அம்மா எங்கள் பக்கம் திரும்பமாட்டாள்.

அம்மாவுக்குக் காது அப்படி. முறையாக யாரிடமும் கற்கவில்லை, பாடியும் நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் அடுத்த தெருக் கல்யாணத்தில் நாயனக்காரர் ஒரு ஸ்வரம் தப்பினால் இங்கே அவள் முகம் சுளிக்கும். அப்பா கூடத்தில் உட்கார்ந்து பாடும்போது, மேலே ஏறும் அந்த இடம் வருவதற்குச் சரியாக ஒரு கணம் முன்னால், சமையலறையில் கரண்டி விழும். அல்லது வெண்கலப் பானையின் மூடி. வந்திருப்பவர்கள் காதில் கரண்டிதான் விழும். அப்பா ஒருநாளும் பாட்டை நிறுத்தி ஏன் என்று கேட்டதில்லை.

3

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். குண்டு விழும் என்று ஊரைவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டார்கள். தெருவிளக்குகளுக்கு மட்டும் இன்னும் கறுப்பு மூடி இருந்தது. விடியுமுன் எங்கே என்ன சத்தம் கேட்டாலும் போலீஸ் வந்துவிடும். அந்த மார்கழியில் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்திருந்தார். தெலுங்குக்காரர். மயிலாப்பூரில் யார் யாரை எதுவும் கேட்கக்கூடாது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

குளத்து மூலையில் அப்பாவின் கோஷ்டியை நிறுத்தினார்.

"பாஸ் உந்தா? பாஸ் இருக்கா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு எதுக்கு பாஸ்? பாஸெல்லாம் அவனுக்கு" என்று மூலையில் நின்ற ஆறுமுகத்தைக் காட்டினார்.

ஆறுமுகம் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம் வருவான். நல்ல கணீரென்ற சாரீரம். மார்கழியில் கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி அன்று விடியுமுன்பே வந்து பாடத் தொடங்கியிருந்தான். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் மடியிலிருந்து பாஸை எடுத்து நீட்டினான்.

"என்கிட்ட கீது சார். அல்லாம் கரீக்டா கீது."

இன்ஸ்பெக்டர் டார்ச் வெளிச்சத்தில் அதைப் படித்தார். சூரிய உதயத்திலிருந்து என்று போட்டிருந்தது. சூரியன் இன்னும் வரவில்லை.

ஆக, பாஸ் இல்லாததற்கு அப்பாவின்மேல் ஒரு கேஸ், நேரத்துக்கு முன்னால் பாடியதற்கு ஆறுமுகத்தின்மேல் ஒரு கேஸ். தம்புராவும் ஆர்மோனியமும் ஸ்டேஷனுக்குப் போயின. கோஷ்டியில் இருந்த மற்றவர்கள் இருட்டில் எப்படிக் கலைந்தார்கள் என்று அப்பாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

"சாமி, என்னிய ஏன் சாமி காட்டிக் குடுத்தே? நான் பாட்டுக்கு ஓரமா நின்னுகினு இருந்தேன்" என்றானாம் ஆறுமுகம், ஸ்டேஷனுக்கு நடக்கும்போது.

அபராதம் கட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். பெரிய அபராதமும் இல்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்து அப்பாதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் காரியதரிசி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஓய், எனக்கொண்ணும் இல்லை. ஆனா போலீஸ் கோர்ட்ல தண்டனை ஆனவரை ஹெட்மாஸ்டரா போட்டா கமிட்டியில கேப்பா. எப்படியாவது விடுதலை வாங்கிண்டு வந்துடும்."

அடுத்த தெரு வக்கீல் கிட்டு மாமா கேஸை எடுத்துக்கொண்டார். கோஷ்டியில் அவரும் ஒருவர்தான். அன்று ஜலதோஷம் என்று வரவில்லை. அந்த ஜலதோஷத்துக்கு அப்புறம் அவருக்குத் தெருவில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாதத்தை விளக்கினார். "சட்டத்துல என்ன சொல்லியிருக்கு? அனுமதி இல்லாம தெருவுல சங்கீதம் கூடாது. சரி. நீங்க பண்ணினது சங்கீதமே இல்லேன்னுட்டா? அது பிரார்த்தனை. சங்கீதம் இல்லேன்னா சட்டமும் இல்லை. அதைச் சொன்னாப் போறும், பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்."

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"என்ன யோசனை?"

"சங்கீதம் இல்லேன்னு நானே எப்படிச் சொல்றது, கிட்டு?"

"நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்."

"நீ சொன்னா நான் சொன்ன மாதிரிதானே?"

சமையலறை வாசலில் நின்ற அம்மா, "சொல்லிட்டுப் போகட்டுமே. எது சங்கீதம்னு பகவானுக்குத் தெரியாதா?" என்றாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். திருடவில்லை என்றோ அடிக்கவில்லை என்றோ சொல்லித் தப்பித்துக்கொள்வது எங்கேயும் உண்டு. இப்படி ஒரு வாதத்தை யோசித்து, அது ஒரு மனிதரை எங்கே குத்தும் என்று தெரியாமலே போடுவது மயிலாப்பூர் வக்கீலால் மட்டும் முடியும். ஹெட்மாஸ்டர் நாற்காலி வேண்டுமானால் அப்பா பாகவதர் இல்லை என்று ஆகவேண்டும். பாகவதராக இருக்க வேண்டுமானால் நாற்காலி கிடையாது. வீட்டில் கல்யாணத்துக்கு என் அக்கா இருந்தாள். அப்பா சரி என்று சொன்னார்.

4

நித்யா தேறிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மாலை வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"மூணு பேரும் ஒண்ணும் பேசலைம்மா. ஒருத்தர் சாண்ட்விச் தின்னுண்டிருந்தார். முடிச்சதும் வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு வான்னுட்டார். அவ்வளவுதான்."

கூடவே விதிகள் அச்சடித்த தாள் ஒன்று. சுவரில் சாயக்கூடாது, கடை வாசலை மறைக்கக்கூடாது, அடுத்தவருடைய நேரத்தில் ஒரு நிமிஷமும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் இரண்டு தடவை படித்தேன். ஸ்ருதி விலகக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

என் கணவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் என்னைப் பார்த்து, "உங்கப்பா வழி" என்றார். இந்த வீட்டில் இதுவரை அது பாராட்டாகச் சொல்லப்பட்டதில்லை.

"தாத்தாவும் தெருவுல பாடினாரா?" என்றாள் நித்யா.

"மார்கழியில மட்டும்."

"நல்லாப் பாடுவாரா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைக் கலக்கினார். "கோர்ட்டே கேட்டிருக்கு" என்றேன்.

5

அம்மா கோர்ட்டுக்கு வருகிறேன் என்று நின்றாள். பெண்கள் போலீஸ் கோர்ட்டுக்குப் போவது அன்று வழக்கமில்லை. கிட்டு மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். துணைக்கு என்று என்னையும் அழைத்துக்கொண்டாள். பின்வரிசை பெஞ்சில் மடிசாரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்னால் மாட்டு வண்டிக்காரர்கள், சாராயக் கேஸ்காரர்கள்.

மாஜிஸ்திரேட்டும் நம்மவர்தான். சங்கீதப் பிரியர். மாலையில் சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர் என்று ஊருக்கே தெரியும். அப்பா அவரைப் பல கச்சேரிகளில் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறார். மேஜைமேல் தம்புராவும் ஆர்மோனியமும் சீட்டு ஒட்டிக் கிடந்தன.

கிட்டு மாமா இங்கிலீஷில் வாதம் செய்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு அவரே சொல்லித்தான் தெரியும். இது சங்கீதமல்ல, பிரார்த்தனை என்றார். ஆறுமுகத்துக்கு வக்கீல் கிடையாது. அவன் கிட்டு மாமாவைச் சுட்டிக்காட்டி, "அவுரு சொல்றதுதான் சார் எனக்கும். என்னுதும் சங்கீதம் இல்லீங்க. வவுத்துப் பொழப்பு" என்றான். ஹால் முழுக்கச் சிரித்தது.

மாஜிஸ்திரேட்டும் சிரித்தார். சங்கீதம் என்றால் என்னவென்று சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை, அதனால் காதால்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் பாடிக் காட்டட்டும் என்று உத்தரவு போட்டார்.

முதலில் ஆறுமுகம். ஆர்மோனியத்தை வாங்கி மாட்டிக்கொண்டான். அவன் குரல் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அவன் வந்தால் அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவாள். அன்று அவன் திறந்த வாயிலிருந்து வந்தது அந்தக் குரலே இல்லை. எண்ணெய் காணாத கேட் திறப்பது போல இருந்தது. பெட்டி ஒரு பக்கம் போக, தொண்டை ஒரு பக்கம் போக, தாளம் எங்கேயோ போயிற்று. வாசலில் நின்ற சேவகன் காதைப் பொத்திக்கொண்டான். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தி, "போதும், போதும். இது சங்கீதம் இல்லை. போ" என்றார். ஆறுமுகம் ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கிட்டு மாமா அப்பாவின் காதருகே போய், "பாத்தேளோல்லியோ? அதே மாதிரி ரெண்டு அடி. அவ்வளவுதான்" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

பிறகு தம்புராவைக் கேட்டு வாங்கினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சீட்டு தந்தியில் படாமல் ஒதுக்கிவிட்டு ஸ்ருதி கூட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தந்தியாக, காதை வைத்துக் கேட்டு, முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கி. மாஜிஸ்திரேட் காத்திருந்தார். கிட்டு மாமா கடிகாரத்தைப் பார்த்தார். கெடுத்துப் பாடப் போகிற மனிதர் எதற்கு இவ்வளவு நேரம் ஸ்ருதி சேர்க்கிறார் என்று அந்த ஹாலில் ஒருத்திதான் யோசித்திருப்பாள். அம்மாவின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு ராம நாமாவளியை எடுத்தார். வழக்கமாக எப்படிப் பாடுவாரோ அப்படித்தான். ஒரு அணு கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே நன்றாகவே இருந்தது. ஏறத் தொடங்கினார். அந்த இடம் வருவதற்கு ஒரு கணம் முன்னால் அம்மாவின் வலது கை என் கையை விட்டுவிட்டு மடியில் எதையோ தேடிற்று. கோர்ட்டில் கரண்டி ஏது?

மத்யமம் வந்தது. ஒரு நூல் கீழே. கரண்டிச் சத்தம் இல்லாமல், மூடிச் சத்தம் இல்லாமல், அதை அப்படியே முழுதாக அன்றுதான் முதல்தடவையாகக் கேட்டேன். மாஜிஸ்திரேட்டின் விரல்கள் மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் நின்றன. அப்பா இரண்டாம் தடவை ஏறினார். மறுபடி அதே இடம். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

இரண்டாவது எதிரியான அப்பா பாடியதை எந்த வகையிலும் சங்கீதம் என்று கொள்ள முடியாது என்றும், முதல் எதிரிக்குப் பொருந்தும் நியாயம் இவருக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும் என்றும் தீர்ப்பு. விடுதலை.

6

வெளியே படிக்கட்டில் எல்லாரும் அப்பாவைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் தம்புராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஆறுமுகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் உண்மையான மரியாதை இருந்தது.

"சாமி, இன்னா சாமி இது! நானாச்சும் கத்திட்டேன். நீ சத்தமே போடாம, ஒரே ஒரு எடத்துல, நைஸா கெடுத்தே பாரு! அசந்துட்டேன் சாமி. அது எனுக்கு வராது."

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாம்பா" என்றார்.

அப்போது அம்மா செய்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஆண்கள் நின்ற கூட்டத்துக்குள் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, "பாத்தேளா கிட்டு மாமா, இவர் வேணும்னே எப்படி ஸ்ருதியை விட்டுட்டுப் பாடினார்! ஆத்துல ஒருநாளும் அந்த எடத்துல தப்பினதே இல்லை" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. தம்புராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட வீதி முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் பரவியது அம்மா சொன்ன கதைதான். சாமா சார் மாஜிஸ்திரேட் காதிலேயே பூ சுற்றிவிட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜூனில் அப்பா ஹெட்மாஸ்டர் ஆனார். நல்ல ஹெட்மாஸ்டர் என்று பெயரெடுத்தார். அக்காவுக்கும் எனக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எனக்குக் கொஞ்சம் தூரத்தில்.

அடுத்த மார்கழியில் கிட்டு மாமா பாஸ் வாங்கி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட வந்தார். பள்ளிக்கூட வேலை அதிகம் என்றார் அப்பா. அதற்கடுத்த வருஷமும் வேலை அதிகம். பிறகு யாரும் கூப்பிடவில்லை. தம்புரா கோர்ட்டுச் சீட்டோடு கூடத்து ஆணியில் தொங்கியது. ஒருநாள் அம்மா அந்தச் சீட்டைக் கிழிக்கப் போனபோது, "இருக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டில் கரண்டி விழுவது நின்றுபோயிற்று.

நான் லண்டனுக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் கிட்டு மாமாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அப்பா காலமாகி அப்போது கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மாமா எனக்கு விபூதி இட்டுவிட்டு, உட்காரச் சொன்னார்.

"உங்கப்பா அந்தக் கேஸ் முடிஞ்ச மறு வாரம் என்னண்ட தனியா வந்தார், தெரியுமா? அந்தத் தீர்ப்புமேல அப்பீல் போட முடியுமான்னு கேட்டார். ஜெயிச்சவன் எங்கயாவது அப்பீல் பண்ணுவானா ஓய்னு சிரிச்சேன். அவரும் கூடச் சிரிச்சார்." மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராத்திரி படுத்துண்டப்பறம்தான் எனக்கு உறைச்சுது. நான் சிரிச்சிருக்கப்படாதும்மா."

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாம என்ன? அவதானே முதல்ல சொன்னா, வேணும்னே கெடுத்துப் பாடினார்னு."

7

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். என் கணவர் வரவில்லை. ஆனால் மழை வரும் போலிருக்கிறது, குடையை எடுத்துக்கொள் என்று சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

சந்தை முற்றத்தில் கருங்கல் தரை. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெளியூர்ப் பயணிகள், சாப்பாட்டு வேளைக்கு வெளியே வந்த ஆபீஸ்காரர்கள், தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்ட ஒருவர். நித்யாவுக்கு முன்னால் வித்தை காட்டியவன் கத்திகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். அவள் வந்து நின்றாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டாள். கிட்டாரில் ஒவ்வொரு கம்பியாகக் காதை வைத்துக் கேட்டு முறுக்கினாள். நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

பாட ஆரம்பித்தாள். சமையலறையில் கேட்ட அதே பாட்டு. குரல் நன்றாக இருந்தது. இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போன இரண்டு பேர் நின்றார்கள். இன்னும் இரண்டு பேர்.

அந்த வரி வந்தது. ஏறத் தொடங்கினாள். நான் நினைக்காமலே என் கை குடையைத் தூக்கிவிட்டது. ஒரே தட்டு. கருங்கல்லில் நல்ல சத்தம் கேட்கும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த இடம் போய்விடும்.

நித்யா பாடிக்கொண்டே என் கையைப் பார்த்தாள்.

குடையை மெதுவாக இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மத்யமம் வந்தது, ஒரு நூல் கீழே. யாரும் முகம் சுளிக்கவில்லை. தோளிலிருந்த குழந்தை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாம் தடவை ஏறினாள். அப்பாவின் குரலை நான் முழுதாகக் கேட்டது அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான்.